அக்கா தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

கேள்வி: என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எட்டாம் வகுப்பு வரை காதுகேளாதோர் பள்ளியில் படித்தவர். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் என்னிடம்தான் பேசுகிறார், அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். சைகை மொழி தெரிந்தவர் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சைகை மொழிபெயர்ப்பாளராக நான் போகும் இடங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். சாப்பாடு, தூக்கம், வலி என்று நாலு சைகை தெரியும், அவ்வளவுதான். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமா இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார். இதே ஆட்கள்தான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருகிறேன், அதில் குறைபாட்டின் சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்றும் பணம் பிடுங்குகிறார்கள். அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பத்து பைசா கொடுக்காதீர்கள்.

கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். ஆபரேஷன் தேதியை எழுதி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா படித்த பள்ளியின் ஆசிரியர்களையும் கேளுங்கள், பல நேரம் அவர்கள்தான் கைகொடுப்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையில்லாத அணுகல் வேண்டும், கவனிப்பில் முன்னுரிமை வேண்டும் என்கிறது. ஆனாலும் இன்றுவரை புறநோயாளிப் பிரிவில் பெயரைக் கத்தித்தான் கூப்பிடுகிறார்கள். காது கேட்காதவர் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார், முறை போய்விடும். ஒரு சின்ன எண் பலகை வைக்க எத்தனை வருடம் வேண்டும்?

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசினால் போதும் என்பார்கள். போதாது. மருந்து, பருந்து இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். எழுதிக் காட்டுவதிலும் சிக்கல் உண்டு. அக்காவின் தாய்மொழி சைகைதான், எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. 'வெறும் வயிற்றில் வரவும்' என்றால் புரியும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சூரியன், நிலா, சாப்பாட்டுத் தட்டு படம் போட்டு, பக்கத்தில் மாத்திரையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அக்காவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. நன்றாகப் படித்து, ஐம்பது அறுபது வயதுக்கு மேல் காது போனவர்கள் வேறு. அவர்களுக்குச் சைகை தெரியாது, எழுத்துதான் வழி. அவர்களிடம் போய்க் கையை ஆட்டினால் கோபம்தான் வரும். நர்ஸுகள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்ப்பதால், தாத்தாவுக்குச் சைகை காட்டுகிறார்கள், உங்கள் அக்காவுக்குச் சீட்டு நீட்டுகிறார்கள். எனவே உள்ளே போனதும் 'இவர் பேசுவது சைகையில்' என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

சம்மதப் படிவத்தில் அக்காதான் கையெழுத்துப் போட வேண்டும். கட்டியை மட்டும் எடுக்கிறார்களா, கர்ப்பப்பையையே எடுக்கிறார்களா என்பது அவருக்குத் தெரிந்த பிறகு போடட்டும். நீங்கள் போடாதீர்கள்.

ஆபரேஷன் அன்று, டிரிப்ஸ் ஊசியை அக்கா அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லுங்கள். கண்விழிக்கும்போது, வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு மற்றக் கை வேண்டும்.