இரு தரப்பு ரகசியமும் ஒருவர் நெஞ்சில்: சமரசரின் மன அழுத்தம்

கேள்வி: மாவட்ட நீதிமன்ற சமரச மையத்தில் மூன்று வருடமாகச் சமரசராக இருக்கிறேன். குழந்தை யாரிடம் வளர்வது என்ற பேச்சு முறிந்த நாளில் தூக்கமே வருவதில்லை. வீட்டில் எரிந்து விழுகிறேன். ரகசியம் காக்க வேண்டிய வேலை என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: வக்கீலுக்கு ஒரு கட்சியின் பாரம்தான்; நமக்கு இரண்டும். தனி அமர்வில் கணவர் ஒன்றைச் சொல்லி, "அவளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்பார். அடுத்து மனைவி வந்து அதே விஷயத்தின் மறுபாதியைச் சொல்லி, அதையே கேட்டுக்கொள்வார். இரண்டையும் சேர்த்தால் வழி பிறக்கும் என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாது. தூக்கம் கெடத்தான் செய்யும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில், நாட்டிலேயே முதலாக, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் நம் 40 மணி நேரப் பயிற்சியில் சமரசரின் மனதுக்குப் போதிய இடமில்லை என்பது என் ஆதங்கம்.

கட்சிக்காரர்கள் சொன்னதுதான் ரகசியம். உங்களுக்குள் நடந்ததைத் தாராளமாக எழுதலாம். அமர்வு முடிந்ததும் அடுத்த வழக்குக் கட்டைப் பிரிக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். எப்போது தாடை இறுகியது? யார் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்? இவர் எனக்கு யாரை நினைவுபடுத்தினார்? பெயர், வழக்கு எண், அவர்கள் சொன்ன வார்த்தை எதுவும் அதில் வரக் கூடாது.

ஒரு வழக்கில் அப்பா பேசும்போதெல்லாம் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் குரல் எங்கள் பெரியப்பாவின் அதட்டல் மாதிரி இருந்தது என்பது எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அடுத்த அமர்வில் அவரை முழுதாகப் பேசவிட்டேன். அந்தக் குறிப்போடு மாதம் ஒருமுறை மூத்த சமரசர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம், சமரசம் ஏற்படாதபோது அதை மட்டும்தான் நீதிமன்றத்துக்கு எழுதுகிறோம், காரணம் எழுதுவதில்லை. அங்கே பேசியது ரகசியம் என்பதால்தான் அந்த ஏற்பாடு. முடிவெடுப்பதும் கட்சிக்காரர்களின் உரிமை. அந்தக் கணக்கை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் இரண்டு குழந்தை வழக்குகள் வேண்டாம், நடுவில் ஒரு காசோலை வழக்கோ பாகப்பிரிவினையோ போடுங்கள் என்று மையத்தில் கேளுங்கள். கடினமான வழக்கில் இணை சமரசர் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே உங்கள் தூக்கத்தைப் பற்றி அங்கே முழுதாகச் சொல்ல முடியும்.