172 பேர் வேண்டாம் என்றார்கள், 3 லட்சம் பேர் வேண்டும் என்றார்கள்: கட்சித் தலைமைப் போட்டி பற்றிய கேள்வி-பதில்

எம்.பி.க்கள் ஒருபக்கம், உறுப்பினர்கள் ஒருபக்கம் என்று கட்சி இரண்டாகப் பிளந்தால் யார் பேச்சு எடுபடும்? இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான். பிரிட்டனின் லேபர் கட்சியை வைத்தே பலரும் கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: 2016இல் சொந்தக் கட்சி எம்.பி.க்களே நம்பிக்கையில்லை என்று வாக்களித்த பிறகும் ஜெரமி கோர்பின் எப்படித் தலைவராக நீடித்தார்? சட்டசபையில் தோற்றால் முதல்வர் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?

முதல்வரை உட்கார வைப்பது எம்.எல்.ஏ.க்கள், அதனால் இறக்கவும் அவர்களால் முடியும். கோர்பினை உட்கார வைத்தது எம்.பி.க்கள் இல்லை. முன்பெல்லாம் லேபர் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு, தொழிற்சங்கங்களுக்கு ஒரு பங்கு. 2014இல் அதை மாற்றி ஆளுக்கு ஒரே வாக்கு என்றார்கள். எம்.பி.யின் வாக்குக்கும் கிளைக் கழகத்தில் நாற்காலி போடுகிறவரின் வாக்குக்கும் ஒரே மதிப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பு முடிந்த கையோடு, 2016 ஜூன் 28 அன்று 172 எம்.பி.க்கள் அவருக்கு எதிராகவும் 40 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். ஒவ்வொரு துறையிலும் அரசைக் கண்காணிக்க எதிர்க்கட்சித் தலைவர் நியமிக்கும் நிழல் அமைச்சரவையில் பெரும்பாலானோர் ராஜினாமா செய்தார்கள். ஆனால் கட்சி விதிகளில் எம்.பி.க்களின் அந்த நம்பிக்கையில்லா வாக்கெடுப்புக்கு இடமே இல்லை. முறைப்படி போட்டி வைத்துத் தோற்கடிக்க வேண்டும். ஓவன் ஸ்மித்தை நிறுத்தினார்கள். செப்டம்பர் 24 அன்று கோர்பினுக்கு 3,13,209 வாக்குகள், ஸ்மித்துக்கு 1,93,229. 2015இல் முதல் தடவை தேர்வானபோது 59.5 சதவீதம் வாங்கியவர் இப்போது 61.8 வாங்கினார்.

கேள்வி: அவ்வளவு பிடிக்காதவரை 2015இல் வேட்பாளராக ஏன் விட்டார்கள்?

என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. போட்டியிட 35 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும். கோர்பினுக்கு உண்மையான ஆதரவாளர்கள் அதில் பாதிகூட இல்லை. ஜூன் 15, நண்பகல் 12 மணியோடு கெடு முடிகிறது. கடைசி நிமிடம் வரை அவருடைய நண்பர் ஜான் மெக்டொனல் ஒவ்வொரு எம்.பி.யாகப் பிடித்து மன்றாடிக்கொண்டிருந்தார். கெடு முடிந்தபோது 36 பேர் தேறியிருந்தார்கள். மார்கரெட் பெக்கெட் உட்படப் பலர், இடதுசாரிக் குரலும் போட்டியில் இருக்கட்டும் என்று பெருந்தன்மைக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள்.

முன்மொழிவு என்பது மொய் எழுதுவது போன்ற மரியாதைக் காரியம் இல்லை. 'இவர் தலைவரானால் இவருக்குக் கீழே நான் வேலை செய்வேன்' என்று எம்.பி. தரும் உறுதிமொழி அது. அந்த உறுதி இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த பிறகு ஒத்துழைக்க மாட்டேன் என்பது உறுப்பினர்களுக்குச் செய்த அநியாயம். கட்சியும் இதைப் புரிந்துகொண்டது. அதனால்தான் அதற்குப் பிறகு சண்டையெல்லாம் அந்த வாசலைப் பற்றியே நடந்தது: 2017இல் 10 சதவீத எம்.பி.க்களின் ஆதரவு போதும் என்று கோர்பின் தரப்பு இறக்கியது, 2021இல் கோர்பினுக்குப் பிறகு தலைவரான கியர் ஸ்டார்மர் 20 சதவீதமாக ஏற்றினார்.

கேள்வி: 25 பவுண்டு கட்டினால்தான் வாக்கு என்று சொன்னது இந்தப் போட்டியிலா?

ஆமாம், 2016இல். முழு உறுப்பினராகாமலே, பதிவு பெற்ற ஆதரவாளர் என்ற பெயரில் முந்தைய ஆண்டு 3 பவுண்டு கட்டியவர்களும் வாக்களித்தார்கள். கட்சியின் தேசிய செயற்குழு அதை 25 ஆக்கி, பதிவு செய்ய இரண்டே நாள் கொடுத்தது. அப்படியும் 1,80,000க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அது மட்டுமில்லை. ஜனவரி 12க்குப் பிறகு சேர்ந்த உறுப்பினர்களுக்கு வாக்கில்லை என்றும் முடிவு செய்தார்கள். சுமார் 1,30,000 பேர் வெளியே நின்றார்கள். ஐந்து உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், ஆகஸ்ட் 8 அன்று ஜெயித்தார்கள், நாலே நாளில் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

சேரும்போது 'தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம்' என்று சொல்லிச் சந்தா வாங்கிவிட்டு, போட்டி வந்ததும் தேதியைக் காட்டித் தள்ளி நிறுத்துவது சட்டப்படி செல்லலாம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: எம்.பி.க்களிடமே முழுப் பொறுப்பையும் விட்டுவிட்டால் என்ன? 2022இல் ரிஷி சுனக்கைத்தானே அவர்கள் விரும்பினார்கள்?

அப்போது ஆளுங்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சியில் எம்.பி.க்கள் இருவராக வடிகட்டுவார்கள், உறுப்பினர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசிச் சுற்றில் சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. உறுப்பினர்களோ டிரஸ்ஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399 என்று புரட்டிப் போட்டார்கள். பிரதமரான டிரஸ்ஸின் அரசு கொண்டுவந்த செப்டம்பர் 23 நிதியறிக்கையில் பவுண்டு சரிந்தது, அக்டோபர் 20 அன்று டிரஸ் விலகுவதாக அறிவித்தார். அப்புறம் 100 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்று கதவைக் குறுக்கினார்கள். சுனக் மட்டும் மிஞ்சினார். உறுப்பினர்கள் வாக்களிக்கவே இல்லை.

இதை வைத்து உறுப்பினர்களுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் டிரஸ்ஸை வைத்ததே எம்.பி.க்கள்தான்.

கேள்வி: அ.தி.மு.க.வில் ஓ.பி.எஸ். – இ.பி.எஸ். மோதலும் இதே கதைதானே?

தோற்றத்தில் அப்படித்தான். பொதுக்குழுவும் பெரும்பாலான எம்.எல்.ஏ.க்களும் எடப்பாடி பழனிசாமி பக்கம், 'ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் என் பக்கம்' என்றார் ஓ.பன்னீர்செல்வம். பெரிய வித்தியாசம், லேபரில் எண்ணிப் பார்த்தார்கள். இங்கே எண்ணவே இல்லை.

பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழு அந்த விதியை வைத்துக்கொண்டே வாசலில் நிபந்தனை போட்டது: போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, 10 பேர் வழிமொழிய வேண்டும். மாவட்டச் செயலாளர்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்போது வேறு யார் நிற்க முடியும்? நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2023 மார்ச் 28 அன்று பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் அவரே ஜெயித்திருக்கலாம். கொடி கட்டும் தொண்டருக்கு வாக்குச் சீட்டைக் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

கேள்வி: கடைசியில் கோர்பின் விஷயத்தில் யார் கணிப்பு சரி?

2017 பொதுத் தேர்தலில் லேபருக்கு 40 சதவீத வாக்கு, 30 இடங்கள் கூடுதல். 2019இல் 202 இடங்கள், 1935க்குப் பிறகு மிக மோசம். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தேர்தலை எடுத்துக் காட்டுகிறது.

கேள்வி: என் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான், இந்திய பாஸ்போர்ட்தான். அங்கே கட்சியில் சேர்ந்து தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாமா?

பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. லேபரில் சேர ஓராண்டுக்கு மேல் அங்கே வசித்திருக்க வேண்டும். 2022 கன்சர்வேடிவ் போட்டியில் வெளிநாட்டுக் குடிமக்களும் வாக்களித்தார்கள், மூன்று மாதம் முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சந்தா கட்டும் முன், எந்தத் தேதிக்குள் சேர்ந்தால் வாக்கு என்பதை விதிகளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.