தன்னைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் தவறு இருப்பதாக ஒரு பிரபலம் புகார் செய்தால் என்ன நடக்கும்?

விக்கிப்பீடியாவுக்கு வரும் புகார் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். பிரபலங்களின் கடிதங்கள் பெரும்பாலும் கோபத்தில்தான் தொடங்கும். வக்கீல் நோட்டீஸ் இரண்டாம் வரியிலேயே வந்துவிடும். அதைப் பார்த்து மிரளவும் கூடாது, முறைத்துக்கொள்ளவும் கூடாது. அவர் குறிப்பிடும் வரியை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு பாடகர் எழுதியிருந்தார். அவர் மனைவியைப் பிரிந்துவிட்டதாகக் கட்டுரையில் ஒரு வரி. எந்த வரியை யார், எப்போது சேர்த்தார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். புகுபதிகை செய்யாத யாரோ பதினோரு மாதங்களுக்கு முன் சேர்த்தது; சான்று கிடையாது. நீக்குவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அத்தனை மாதங்களும் அந்த வரி அந்த வீட்டை என்ன பாடு படுத்தியிருக்கும்! விதிகளை விளக்குவதற்கு முன் மன்னிப்புக் கேட்டேன்.

வாழும் மனிதர்களைப் பற்றிய சான்றில்லாத அவதூறை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பது விதி. 2005 மே மாதம், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய பத்திரிகையாளர் ஜான் சீகென்தாலரை அந்தச் சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புபடுத்தி ஒருவர் எழுதிய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. அவரே நாளிதழில் எழுதி அம்பலப்படுத்திய பிறகுதான் இந்த விதி உருவானது.

செய்தி உண்மையாகவும் சான்றோடும் இருந்து, புகார் செய்பவருக்கு அது பிடிக்காமல் போவதுதான் சிக்கல். ஓர் அரசியல்வாதி தமக்கு எதிரான தீர்ப்பை நீக்கச் சொன்னார். முடியாது என்று எழுத உட்கார்ந்தவன், எதற்கும் பார்ப்போமே என்று பழைய செய்திகளைத் தேடினேன். மேல்முறையீட்டில் அவர் விடுதலையாகியிருந்தார்! கட்டுரையில் அது இல்லை. அவர் கடிதத்திலும் இல்லை. தீர்ப்பு அப்படியே இருந்தது, பக்கத்திலேயே விடுதலையும் சேர்ந்தது. அன்றிலிருந்து எந்தப் புகாரையும் மேலோட்டமாகப் படிப்பதில்லை.

“என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. 2012-இல் எழுத்தாளர் பிலிப் ராத், தம் நாவல் ஒன்றின் பின்னணி குறித்த தவறைத் திருத்தக் கேட்டபோது, வேறு சான்று வேண்டும் என்ற பதில்தான் கிடைத்தது. நியூயார்க்கர் இதழில் பகிரங்கக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. அவரை அவ்வளவு தூரம் அலையவிட்டது தவறு என்றே நினைக்கிறேன். பிறந்த தேதி போன்ற சர்ச்சையில்லாத விவரங்களுக்கு அவரவர் இணையதளமே சான்றாகப் போதும்.

உங்களைப் பற்றிய கட்டுரையா? நீங்களே திருத்த இறங்காதீர்கள். கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் நீங்கள் யார் என்பதைச் சொல்லி, தவறான வரியையும் சரியான தகவல் வெளியான இடத்தையும் எழுதுங்கள். “முழுக்கப் பொய்” என்று வரும் கடிதத்தைவிட, “மூன்றாம் பத்தி, இரண்டாம் வரி” என்று வரும் கடிதத்துக்குத்தான் என்னால் அன்றே பதில் எழுத முடிகிறது.