பட்லர்தான் கொலைகாரனா?

கேள்வி: பழைய ஆங்கிலத் துப்பறியும் கதை என்றாலே 'பட்லர்தான் கொலைகாரன்' என்று கிண்டல் செய்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அப்படி முடிகிற நல்ல கதை கிடைப்பது அரிது. 1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் போட்டார். பட்லர், சமையல்காரர் போன்ற வேலைக்காரர்களைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. ஏழைகள் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ரொம்பச் சுலபமான முடிவாம். குற்றவாளி கொஞ்சம் மதிப்பான ஆளாக இருக்கணுமாம். கொலை செய்யக்கூட அந்தஸ்து வேண்டும்!

நிஜத்தில் போலீஸ் அப்படி யோசிக்கவில்லை. 1860இல் இங்கிலாந்தில் ரோடு என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டுச் சிறுவன் கொலையானபோது, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவைக் கைது செய்தார்கள். 1865இல் 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டவள் அந்த வீட்டு மகள், கான்ஸ்டன்ஸ் கென்ட்.

என் அம்மா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். காலையில் அறையிலிருந்து திரும்பி வரும் ட்ரேயில் ஒரு கோப்பை மட்டும் தொடாமல் இருந்தால், ராத்திரி சண்டை என்று கண்டுபிடித்துவிடுவார். யாருக்குக் கடிதம் வந்தால் யார் முகம் மாறும் என்பதும் தெரியும். "அவங்க நம்மகிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க கண்ணு, நாம அங்க நிக்கிறதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்பார்.

துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டிக்கு இது நன்றாகத் தெரியும். 1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் கிளாடிஸ் என்ற வேலைக்காரப் பெண்ணைக் கொன்று, துணி உலர்த்தும் கிளிப்பை மூக்கில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு வேலை பழக்கிய மிஸ் மார்ப்பிள், கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி, கோபத்தோடு அந்த வீட்டுக்கு வந்து நிற்கிறார். அதே கதையில் அந்த வீட்டு முதலாளி செத்ததைவிட அந்தக் கிளிப்தான் என்னை உலுக்கியது.

கேள்வி: வேலைக்காரரே கதை சொல்லும் துப்பறியும் நாவல் உண்டா?
- ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்', 1868. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரத்தின் கதை. முதல் பெரிய பகுதியை அந்த வீட்டுக் காரியஸ்தர் பெட்டரெட்ஜ்தான் சொல்கிறார். வீட்டில் குழப்பம் வந்தால் 'ராபின்சன் க்ரூசோ'வைத் திறந்து குறி பார்க்கிற மனிதர்! புத்தகம் தடி. சரி, மழை விடாத மாதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.