பீரோவில் ஒட்டிய என்எஃப்சி ஸ்டிக்கர் ஏன் படிக்கவில்லை?

கேள்வி: கிடங்கில் எந்த பீரோவில் என்ன பொருள் இருக்கிறது என்று என்டேக் 213 ரக என்எஃப்சி ஸ்டிக்கர்களில் (போனை அருகே வைத்தால் படிக்கும் சிப் உள்ளவை) போன் வழியாக எழுதினேன். மேஜையில் படித்தவை, இரும்பு பீரோவில் ஒட்டியதும் படிக்கவில்லை. தமிழில் நாலு வரி எழுதினாலே இடமில்லை என்கிறது. ஒன்றை ‘லாக்’ செய்தேன், இப்போது மாற்ற முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: லாக் ஆனதை மீட்க வழியில்லை. அந்தச் சிப்பில் பூட்டுக்கான பிட்டுகள் 0-விலிருந்து 1-க்கு மட்டுமே போகும், திரும்பாது. இனி லாக்குக்குப் பதில் பாஸ்வேர்ட் வையுங்கள். யாரும் படிக்கலாம், எழுத மட்டும் பாஸ்வேர்ட் வேண்டும். அது 4 பைட்தான், மறைகுறியாக்கம் இல்லாமலே போகிறது. விளையாட்டுக்கு அழிப்பவர்களைத் தடுக்கும். ரகசியம் காக்க உதவாது. மறந்தால் மீட்கவும் முடியாது, குறித்து வையுங்கள்.

பீரோ விஷயத்துக்கு வருவோம். ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. போன் உண்டாக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஸ்டிக்கரின் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, அதில்தான் சிப் இயங்குகிறது. பின்னால் இரும்புத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து புலத்தை எதிர்க்கும். சுருளின் அலைவரிசையும் விலகிப்போகும். இதற்கென்றே ஃபெரைட் (காந்தப்புலம் உலோகத்தை எட்டாமல் தன் வழியே திருப்பும் பொருள்) அடுக்கு வைத்த ‘ஆன்-மெட்டல்’ ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குங்கள். ஒட்டியதைப் பிய்த்து மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள், மெல்லிய அலுமினியச் சுருள் கிழிந்துவிடும்.

படிப்பதைவிட எழுதுவதற்குச் சக்தி அதிகம் வேண்டும். நினைவகச் செல்லில் மின்னூட்டத்தை ஏற்றி இறக்கத் தேவையான உயர் மின்னழுத்தத்தைச் சிப் அதே புலத்திலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கிறது. எழுதுவதும் நாலு நாலு பைட்டாக, பக்கம் பக்கமாக நடக்கிறது. நடுவில் போன் நகர்ந்தால் பாதித் தகவல்தான் பதியும்; ஸ்டிக்கர் காலி என்றோ பிழை என்றோ காட்டும். மறுபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில், பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்பக்க நடுவில் இருக்கும். அந்த இடத்தை ஸ்டிக்கரோடு ஒட்டிவைத்து, ‘முடிந்தது’ என்று வரும்வரை அசைக்காதீர்கள்.

இடப் பற்றாக்குறைக்குக் காரணம் தமிழ் எழுத்து சேமிக்கப்படும் முறை. 213-இல் நமக்குக் கிடைப்பது 144 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் ‘க’ போன்ற எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘வணக்கம்’ என்பதற்கே 21 பைட் போய்விடும். 888 பைட் உள்ள என்டேக் 216-இல் தாராளமாக எழுதலாம்.

ஆனாலும் பட்டியலையே ஸ்டிக்கரில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு பீரோவுக்கும் ஆன்லைனில் ஒரு ஷீட் வைத்து, அதன் சுருக்க இணைப்பை மட்டும் எழுதுங்கள். அதற்கு 213 போதும். பொருள் மாறினால் ஷீட்டைத் திருத்தினால் முடிந்தது. கிடங்கில் சிக்னல் கிடைக்காவிட்டால் மட்டும் 216-க்குப் போங்கள். அடிக்கடி எழுதித் தேய்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம், ஒரு லட்சம் தடவை எழுதத் தாங்கும்.