புது ஊசி இருக்கட்டும், முதலில் டிபி சந்தேகம் தீரட்டும்

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விசைப்படகில் வேலை பார்க்கும் தம்பிக்கு 26 வயது. ஐந்து மாதமாக வலது அடிவயிற்றில் வலி, வயிற்றுப்போக்கு, எடை 9 கிலோ இறங்கிவிட்டது. மதுரையில் கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்ததில் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண் இருக்கிறது. குடலில் வரும் டிபியாகவும் இருக்கலாம், க்ரோன்ஸ் நோயாகவும் இருக்கலாம், டிபி மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்றாராம் டாக்டர். இதற்கிடையில் ஊரில் ஒருவர், சென்னையில் க்ரோன்ஸுக்குப் புது ஊசி ஆராய்ச்சி நடக்கிறது, 5,000 ரூபாய் கொடுங்கள், பெயர் சேர்த்துவிடுகிறேன் என்கிறாராம். போகலாமா?

இப்போது வேண்டாம். அந்த ஆளோடு எப்போதுமே வேண்டாம்.

க்ரோன்ஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நோய், அதனால் அதற்கான ஸ்டீராய்டும் ஊசிகளும் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியைக் கீழே இறக்கும். உள்ளே இருப்பது டிபி என்றால் அது கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஒழுங்காக நடக்கும் ஆராய்ச்சியில் டிபி சந்தேகம் தீராமல் ஊசியே போட மாட்டார்கள். மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று சொன்னதால் உங்கள் டாக்டருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு புண்ணும் கேமராவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சதைத் துணுக்கைப் பரிசோதித்தும் பல சமயம் பிடிபடாது.

அந்த ஐயாயிரத்துக்கு வருகிறேன். மருந்து ஆராய்ச்சியில் சேர நோயாளி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, போக்குவரத்துச் செலவை அவர்களே கொடுப்பதும் உண்டு. 2019-ல் வந்த விதிகளின்படி, ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கணும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வரணும், ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அதில் இருக்கணும், நடுவில் விலகிக்கொள்ளலாம். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ.; அந்தப் பெயரில் தொடங்கி வருடமும் மாதமும் வரும் பதிவு எண் எங்கே என்று அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். ஸ்கேன் சென்டர் வாசலிலும் மருந்துக்கடைப் பெஞ்சிலும் ஃபைலைப் பார்த்தே ஆளை எடைபோடும் இந்தப் புரோக்கர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. உண்மையான ஆராய்ச்சிகள் மேல் மக்களுக்கு நம்பிக்கை போவதற்கும் இவர்கள் ஒரு காரணம்.

இன்னொரு எரிச்சல். குடலில் எடுத்த அரிசிமணி அளவுத் துணுக்குகளை மொத்தமாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதில் போட்டதை வைத்து டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, அதற்குச் சில துணுக்குகள் தனியாக சலைனில் போகவேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் டிபி கல்ச்சர் (இப்படிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஸ்கோப்புக்கு முன்பே கேளுங்கள்.

டிபி மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். தங்குகடலுக்கு (கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்க) போனால் மாத்திரையும் படகில் போகவேண்டும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டிபியாக இருந்தால் மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில், நம் மீன்பிடித் தடைக்காலம் அளவு நாளில், புண் ஆறத் தொடங்குவது கேமராவில் தெரியும். ஆனால் க்ரோன்ஸ்காரர்களில் சிலருக்கும் இந்த மாத்திரையில் வலி குறையும், பசி எடுக்கும், ஒன்றிரண்டு கிலோ ஏறும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஸ்கோப் எதற்கு என்று விட்டுவிடுவார்கள், உள்ளே புண் அப்படியே கிடக்கும், ஆறேழு மாதம் கழித்துக் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டு வருவார்கள். தம்பி நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது கணக்கில்லை, புண் ஆறியதா என்பதுதான் கணக்கு. ஆறவில்லை என்றால் அப்புறம் க்ரோன்ஸ் பற்றிப் பேசலாம், ஆராய்ச்சியில் சேருவதையும் உங்கள் டாக்டரிடமே நேரடியாகக் கேட்கலாம்.

அந்த இரண்டாவது ஸ்கோப்புக்கு இன்றைக்கே தேதி வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போய் நின்றால் மிஷின் ரிப்பேர், டாக்டர் லீவ் என்று இன்னொரு மாதம் தள்ளுவார்கள்.