1964 காடிலாக் அமரர் ஊர்தி: பின்கதவு ரப்பர்

வணக்கம். அதே ஆண்டு செடானின் கதவு ரப்பரை வாங்கியும் உங்கள் அமரர் ஊர்தியின் பின்கதவில் உட்காரவில்லை என்கிறீர்கள். உட்காராதுங்க. காடிலாக் நிறுவனம் தந்தது நீளமான சேஸியும் (வண்டியின் அடிச்சட்டம்) முன்பக்கமும்தான். கூரை, பின்கதவு எல்லாம் பாடி கட்டியவர்களின் கைவேலை. அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலேயே மூன்று பெரிய பட்டறைகள்: பிக்வாவில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர், சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட். முதலில் யாருடைய பாடி என்று கண்டுபிடியுங்கள். கதவு நிலைகளைத் துடைத்து, பெயிண்டுக்கு அடியில் பாடி கட்டியவரின் பெயர்த் தகடு இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், பின்தளத்தில் சவப்பெட்டி உருளும் உருளைகளைப் புரட்டிப் பாருங்கள். மறுபக்கம் சமதளமாக இருந்தால், ஆம்புலன்சாகவும் ஓடக் கட்டிய வண்டி அது. தயவுசெய்து அவற்றைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்! ரப்பருக்கு, பழைய துண்டை வெட்டி, அதே வெட்டுமுகத்தில் (குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தில்) நீளக்கணக்கில் வாங்குங்கள்.